பன்னிரண்டு மைலுக்கு ஒரு மணி நேரம்

நிதானமாக உட்கார்ந்து நாலு பக்கம் எழுதிக் கொடுங்கள் என்று கேட்டிருக்கிறீர்கள் தம்பிகளா. நிதானம் இருக்கட்டும், உட்காருவதே எனக்கு வராது. மலைப்பாதையின் கீழ் கேட்டில் ரைட்டராக வேலை பார்த்தவன் நான். சர்க்கார் கொடுத்த நாற்காலி கடைசிவரை புதிதாகவே இருந்தது. அதற்கும் கேட்டுக்கும் நடுவில் நான் நடந்து நடந்து தரைதான் பள்ளமாகிப் போனது. என் மனைவி செசீலி, இந்த மனுஷனுக்குக் காலில் சக்கரம் என்று பக்கத்து வீட்டில் சொல்லிச் சிரிப்பாள். சிரிக்கட்டும். கேட்டு வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்கும் ஒரு வருஷத்தில் அந்தச் சக்கரம் முளைக்கும். முளைக்கவில்லையென்றால் நீங்கள் வேலையைச் சரியாகப் பார்க்கவில்லை என்று அர்த்தம்.

சீட்டு எழுதுவது, கேட்டைப் பூட்டுவது, டெலிபோன் கைப்பிடியைச் சுற்றுவது எல்லாம் ஒரு வாரத்தில் பழகிவிடும். அதைப்பற்றி எழுதி உங்கள் பொழுதைக் கெடுக்கப் போவதில்லை. காத்திருப்பதைப் பற்றித்தான் சொல்ல வேண்டும். மேல் கேட்டிலிருந்து வண்டி புறப்பட்டுவிட்டது என்று டெலிபோன் வரும். அதற்குப் பிறகு அந்த வண்டி உங்கள் கண்ணில் படும்வரை அது எங்கே இருக்கிறது, என்ன செய்கிறது என்று உலகத்தில் யாருக்கும் தெரியாது. அந்த நடுவேளைதான் நம்முடைய வேலை.

இதை எனக்குச் சொன்னவர் மேல் கேட்டு ரைட்டர். பெயரைப் போடாதே என்று சொல்லியிருக்கிறார், போடவில்லை. அவரை நான் நேரில் பார்த்தது நாலைந்து தடவைதான். டெலிபோனில் அவருடைய இருமல்தான் எனக்குப் பழக்கம். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒருநாள், வண்டி எங்கே வருகிறது, எங்கே வருகிறது என்று நான் நச்சரித்தபோது, இருமி முடித்துவிட்டுச் சொன்னார்:

"எங்கிட்ட இருந்து கெளம்பிருச்சு. உங்கிட்ட இன்னும் வரலே. நம்ம ரெண்டு பேருக்கும் தெரிஞ்சது அவ்வளவுதான் சாமி. நடுவுல இருக்கறது தெரியும்னு எவனாச்சும் சொன்னா நம்பாத."

அப்போது எனக்குக் கோபம்தான் வந்தது. கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாமல் தத்துவம் பேசுகிறாரே என்று வாய்க்குள் திட்டினேன்.

எங்கள் கேட்டு கொண்டப்பநாயக்கன்பட்டிக்குச் சற்று மேலே, மலை ஏறத் தொடங்கும் இடத்தில் இருந்தது. மேலே மொட்டைப்பாறை என்று ஒரு வளைவு. கேட்டிலிருந்து அண்ணாந்து பார்த்தால் நேர் தலைக்கு மேலே தெரியும். அங்கே ஒரு வண்டி திரும்பினால் அதன் நிறம்கூடத் தெரியும், காற்று வாகாக இருந்தால் ஹாரன் கேட்கும். கையை நீட்டினால் தொட்டுவிடலாம் போலிருக்கும். ஆனால் சாலை வழியாக அது மூன்று மைல். அங்கே திரும்பிய வண்டி மலைக்கு அந்தப் பக்கம் போய், மறைந்து, சுற்றி, இன்னொரு வளைவில் எட்டிப் பார்த்து, மறுபடி மறைந்து அப்புறம்தான் இறங்கி வரும்.

இது தெரியாமல் முதல் மாதத்திலேயே மானம் போனது எனக்கு. பெரிய அதிகாரி ஒருவர் மலையிலிருந்து இறங்குகிறார் என்று ஊர்க்காரர்கள் மாலை, மேளம் எல்லாவற்றோடும் கேட்டடியில் வந்து நின்றார்கள். மொட்டைப்பாறையில் கறுப்புக் கார் திரும்புவதைப் பார்த்ததும், வந்துவிட்டார், வாசியுங்கள் என்று நான்தான் கை காட்டினேன். நாதஸ்வரக்காரர் எடுத்தார் பாருங்கள், ஒரே மூச்சில் வாசித்தார். வாசித்தார், வாசித்தார், கார் வரவில்லை. தவில்காரர் என்னைப் பார்த்த பார்வையில் நான் எரிந்து போயிருக்க வேண்டும். கடைசியில் கார் வந்து நின்றபோது நாதஸ்வரக்காரர் கல்லில் உட்கார்ந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். மாலை போடுகிறவர் எங்கேயோ ஒதுங்கப் போயிருந்தார். அதிகாரி, என்ன ஊர் இப்படி அமைதியாக இருக்கிறது என்று கேட்டுவிட்டுப் போனார்.

ஒரு இடத்துக்கும் இன்னொரு இடத்துக்கும் நேர்கோட்டில் எவ்வளவு இடைவெளி என்பது ஒன்று. அந்த இடைவெளியைக் கடக்கச் சாலை எவ்வளவு சுற்றுகிறது என்பது வேறு ஒன்று. படித்தவர்கள் முதலாவதை இடப்பெயர்ச்சி என்றும் இரண்டாவதைக் கடந்த தூரம் என்றும் சொல்வார்கள். எனக்கு அதைச் சொல்லிக்கொடுத்தது தவில்காரர் பார்வை.

இனி அந்த ஒரு மணி நேர விஷயத்துக்கு வருகிறேன். இதைத்தான் நீங்கள் கேட்க விரும்பினீர்கள் என்று எனக்குத் தெரியும்.

நான் சேர்வதற்கு முன்னால் மலையில் ஒரு கார் உருண்டுவிட்டதாம். அதனால் ஒரு உத்தரவு போட்டார்கள். மேலிருந்து கீழே பன்னிரண்டு மைல். எந்த வண்டியும் ஒரு மணி நேரத்துக்குக் குறைவாக இறங்கக் கூடாது. மேல் கேட்டில் புறப்பட்ட நேரத்தைச் சீட்டில் எழுதிக் கொடுப்பார்கள், கீழ் கேட்டில் நான் கடிகாரத்தைப் பார்த்துச் சரிபார்க்க வேண்டும். நேரத்துக்கு முந்தி வந்தால் டிரைவருடைய மலை பாஸ் பறிபோகும். பாஸ் போனால் அடுப்பில் பூனை தூங்கும். மணிக்குப் பன்னிரண்டு மைல் வேகம், ஆபத்தே இல்லாத வேகம் என்று எங்கள் அதிகாரி அந்த உத்தரவைப் பற்றிப் பெருமையாகச் சொல்வார். உத்தரவு போட்டவரே அவர்தான்.

நேரம் ஆகுமுன் கேட்டைத் திறக்கக் கூடாது என்று எனக்குக் கண்டிப்பு. சாவி என் இடுப்பில். ஒவ்வொரு டிரைவரும் கேட்டில் வந்து நின்றதும் முதலில் கேட்கிற கேள்வி ஒன்றுதான்: மணி என்னாச்சுங்க? கும்பிடுவதற்கு முன்னால் அதைத்தான் கேட்பார்கள்.

உத்தரவு அமோகமாக நடந்தது. ஒரு வண்டிகூட முந்தி வரவில்லை. எல்லா வண்டியும் ஒரு மணி, ஒரு மணி, ஒரு மணி என்று வந்தது. அதிகாரிக்குத் திருப்தி. எனக்கு அதைவிடத் திருப்தி, ஏனென்றால் தினமும் இறங்குகிற வண்டிகளில் ஒன்று என் மைத்துனன் ஓட்டிய பஸ். சவரிமுத்து. செசீலியின் தம்பி. தாய் தகப்பன் இல்லாத பிள்ளை, அவள்தான் வளர்த்தாள். எங்களோடுதான் இருந்தான். அவன் மலை பஸ் ஓட்டப் போகிறேன் என்று சொன்ன நாளிலிருந்து அவளுக்கு நிம்மதி இல்லை. சாயங்காலம் அவனுடைய கடைசி நடை இறங்கும் நேரம் ஆனால் அடுப்பை அப்படியே போட்டுவிட்டு வாசலுக்கு வந்து மலையைப் பார்த்துக்கொண்டு நிற்பாள். அவன் வந்து காப்பித் தம்ளரைக் கையில் வாங்கின பிறகுதான் உள்ளே போவாள். நானும் என் பங்குக்கு, எல்லாரும் மணிக்குப் பன்னிரண்டு மைலில்தான் வருகிறார்கள், மாட்டு வண்டி மாதிரி, நீ ஏன் இப்படிச் சாகிறாய் என்று அதட்டுவேன்.

ஒருநாள் காலை வழக்கம்போல மேல் கேட்டு திறந்தது, வண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாகப் புறப்பட்டன என்று டெலிபோன் வந்தது. நான் கேட்டுக்கும் நாற்காலிக்குமாக நடந்துகொண்டிருந்தேன். கூடையில் கொய்யாப்பழம் சுமந்து ஒற்றையடிப் பாதையில் நேராக இறங்கி வரும் மலைக்காரப் பெண் ஒருத்தி நின்று என்னை வேடிக்கை பார்த்தாள். பிறகு சொன்னாள்:

"நீங்க இங்க எட்டி எட்டிப் பாத்துட்டு இருக்கறீங்க. வண்டியெல்லாம் அங்க புளியமரத்தடியில தூங்குதுங்களே."

புளியமர வளைவு கேட்டுக்கு மேலே ஒரு மைல். ஒற்றையடிப் பாதையில் செங்குத்தாக ஏறினால் இரண்டு பர்லாங்கு, கால் மைல்தான். போனேன். நான் கண்ட காட்சி இது: சாலையின் ஓரத்தில் நல்ல நிழல். நிழலில் சவரிமுத்துவின் பஸ் முதலாவதாக, அதன் பின்னால் இரண்டு லாரி, ஒரு கார். பஸ் ஜனங்கள் நடுரோட்டில் துண்டை விரித்துக் கட்டுச்சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். ஒரு கிழவி கம்மங்கூழ் விற்றுக்கொண்டிருந்தாள், நல்ல வியாபாரம். டிரைவர்கள் தரையில் கோடு கிழித்து ஆடுபுலி ஆடிக்கொண்டிருந்தார்கள். என் மைத்துனன் புலியை அடைத்துவிட்ட சந்தோஷத்தில் கையைத் தட்டிக்கொண்டிருந்தான்.

அரை மணிக்குள் பதினோரு மைலைப் பறந்து கடந்துவிட்டு, மிச்ச அரை மணியை நிழலில் உட்கார்ந்து கழிக்கிறார்கள். கழித்துவிட்டு ஆடி அசைந்து கேட்டுக்கு வந்து, மணி என்னாச்சுங்க என்று கேட்கிறார்கள். கூட்டிக் கழித்தால் பன்னிரண்டு மைல், ஒரு மணி நேரம். கணக்கில் ஒரு குற்றமும் இல்லை.

இது என்ன அக்கிரமம் என்று சத்தம் போட்டேன். லாரி டிரைவர் ராமசாமிக் கவுண்டர்தான் எழுந்து வந்து சமாதானம் சொன்னார். திருச்செங்கோட்டுப் பக்கத்துக்காரர், மலைத் தோட்டங்களிலிருந்து காப்பிக்கொட்டை மூட்டை இறக்குகிறவர், கை சுத்தமான மனிதர், யாரிடமும் குரல் உயர்த்திப் பேச மாட்டார். சூரமங்கலத்து ரயில் கூட்ஸ் ஷெட்டில் முதலில் போகிற லாரிக்குத்தான் முதலில் இடம் என்றும், பின்னால் போனால் பொழுது சாயும்வரை வெயிலில் காயவேண்டும் என்றும் சொன்னார். கேட்டை யார் முதலில் தாண்டுகிறார்கள் என்பது இந்த நிழலில் யார் முதலில் நிற்கிறார்கள் என்பதைப் பொறுத்தது. அதனால் மேலிருந்து இந்தப் புளியமரம் வரைக்கும்தான் எல்லாருக்கும் ஓட்டம்.

"ஒரு மணிக்கு முந்தி வராதேன்னாங்க, வரலீங்க. நடுவுல எப்படி வாரோம்னு ஆரும் கேக்கலீங்களே" என்றார்.

மெதுவாகப் போகச் செய்வதற்குப் போட்ட உத்தரவு ஒரு பந்தயத்தை உண்டாக்கி வைத்திருந்தது. பந்தயத்தின் முடிவில் நடுரோட்டில் ஜனங்கள் சோறு தின்றுகொண்டிருந்தார்கள். அன்றைக்கே சூரமங்கலத்துப் பக்கம் இருந்த ஆபீசுக்குப் போய் அதிகாரியிடம் சொன்னேன். அவர் என் சீட்டுகளையே எடுத்து என் முன்னால் வைத்தார். எல்லாவற்றிலும் ஒரு மணி இருக்கிறது, எவன் வேகமாக வந்தான், காட்டு என்றார். புளியமரத்தடியில் நிற்கிறார்கள் என்றேன். நின்றால் நல்லதுதானே, நிற்கிற வண்டி யாரை இடிக்கும் என்று கேட்டார். அவருடைய சிரிப்பு இன்றைக்கும் என் காதில் இருக்கிறது. மேல் கேட்டு ரைட்டருக்கு டெலிபோனில் சொல்லிப் புலம்பினேன். அவர் நெடுநேரம் இருமினார். கடிகாரத்தைப் பார்க்காதே, மொட்டைப்பாறையைப் பார் என்று மட்டும் சொன்னார்.

அன்றிலிருந்து நான் மொட்டைப்பாறையைப் பார்க்கத் தொடங்கினேன். கழுத்து வலி வந்தது. ஆனால் ஒரு விஷயம் பிடிபட்டது. ஒழுங்காக வருகிற வண்டி முக்கால் மணிக்குப் பிறகுதான் அங்கே தெரிய வேண்டும். எங்கள் வண்டிகள் அரை மணி ஆவதற்கு முன்பே அங்கே திரும்பின. வீட்டில் செசீலியிடம் மாட்டு வண்டிப் பேச்சை நிறுத்திவிட்டேன். அவள் வாசலில் நிற்கும்போது நானும் பக்கத்தில் போய் நின்றேன். என்ன, நீங்களும் வந்துட்டீங்க என்று கேட்டாள். சும்மாதான் என்றேன். சவரிமுத்துவிடம் தனியாகச் சண்டை போட்டேன். அவன் சிரித்துக்கொண்டே தலையாட்டினான். அடுத்த நாளும் அதே நேரத்தில் மொட்டைப்பாறையில் அவன் பஸ் திரும்பியது.

அது இரண்டாவது உலகச் சண்டை வருவதற்கு ஒன்றிரண்டு வருஷம் முன்னால். மழை விட்ட ஒரு காலை நேரம். வண்டிகள் புறப்பட்டுவிட்டன, கவுண்டருடைய லாரி மட்டும் இன்னும் வரவில்லை என்று மேல் கேட்டிலிருந்து டெலிபோன். கிளீனருக்குக் காய்ச்சலாம், மூட்டை ஏற்றுவதில் தாமதமாம். கால் மணி கழித்து மறுபடி மணி அடித்தது. கவுண்டர் கிளம்பிவிட்டார், தனியாக வருகிறார், பறக்கிறார் என்றார் ரைட்டர். அன்று அவர் இருமவில்லை.

முன்னால் போன வண்டிகள் மொட்டைப்பாறையைத் தாண்டி, புளியமர நிழலுக்கு வந்து சேர்ந்திருக்கும். பஸ் முதலில் நிற்கும். சீட்டுப்படி கவுண்டர் கேட்டுக்கு வர இன்னும் முக்கால் மணிக்கு மேல் இருக்கிறது. அதிகாரி அந்த இடத்தில் இருந்திருந்தால் காப்பி குடிக்கப் போயிருப்பார். நான் மேலே பார்த்தபடி நின்றேன். நடக்கக்கூட இல்லை, நின்றேன்.

சவரிமுத்து திரும்புகிற நேரத்தைவிடக் கணிசமாக முந்தி மொட்டைப்பாறையில் லாரி தெரிந்தது. தெரிந்தது என்றால், ஒரு கணம்தான். வளைவில் அது திரும்பிய விதம் சரியில்லை, வெளி ஓரத்தைத் தேய்த்துக்கொண்டு போனது. பின் சக்கரத்திலிருந்து வெள்ளையாகப் புகை. அதற்கப்புறம் ஹாரன், விடாமல். வேகமாக வந்து, ஒவ்வொரு வளைவிலும் பிரேக்கை மிதித்து மிதித்து, பிரேக் சூடேறி, இனிமேல் பிடிக்காத நிலைக்கு வந்துவிட்டது என்று அந்தப் புகை சொல்லியது. ஹாரனும் அதையேதான் சொல்லியது.

தம்பிகளா, இந்த இடத்தில்தான் நீங்கள் என்ன செய்திருப்பீர்கள் என்று யோசிக்க வேண்டும். மொட்டைப்பாறையிலிருந்து புளியமரத்துக்குச் சாலையில் இரண்டு மைல். பன்னிரண்டு மைல் வேகம் என்று நம்பினால் பத்து நிமிஷம் இருக்கிறது. நான் பார்த்த வேகத்தில் அதில் பாதிகூட இல்லை. ஆனால் லாரி சுற்றித்தான் வந்தாக வேண்டும். எனக்குச் சுற்ற வேண்டியதில்லை, இரண்டு பர்லாங்கு நேராக ஏறினால் போதும். அது ஒன்றுதான் எனக்குச் சாதகம்.

இன்னொன்றும் இருந்தது. நான் போய்க் கத்தினால் மட்டும் அந்த வண்டிகள் எங்கே போகும்? சாலையில் அவற்றுக்கு இருக்கிற ஒரே வழி கீழே என் கேட்டு. அது பூட்டிக் கிடக்கிறது. நேரத்துக்கு முன் திறந்தால் வேலை போகும். பொய் சொல்ல மாட்டேன், சாவியைக் கையில் எடுத்துக்கொண்டு ஒரு மூச்சு நேரம் நின்றேன். செசீலி வாசலில் நிற்பது மனக்கண்ணில் தெரிந்தது. பூட்டைத் திறந்து கேட்டைத் தள்ளிவிட்டு ஏற ஆரம்பித்தேன்.

எப்படி ஏறினேன் என்று கேட்காதீர்கள். செருப்பு எங்கே போனது என்று இன்றுவரை தெரியாது. புளியமரத்தடியில் அதே துண்டு, அதே சோறு, அதே கூழ்ப்பானை. சவரிமுத்து பஸ் படியில் சாய்ந்து கண்ணை மூடியிருந்தான். லாரி பிரேக் போய் வருகிறது, மேட்டில் ஏறுங்கள் என்று கத்தினேன். ஜனங்களுக்கு முதலில் புரியவில்லை. ஹாரன் சத்தம் அந்தப் பக்கத்து வளைவிலிருந்து கேட்டதும் புரிந்துவிட்டது. பிள்ளைகளை இழுத்துக்கொண்டு மலைப்பக்கத்து மேட்டில் ஏறினார்கள். கூழ்க்கிழவி பானையோடு ஏறினாள், அதை விடவே மாட்டேன் என்றுவிட்டாள்.

சவரிமுத்து மட்டும் எழுந்து நின்று என்னைப் பார்த்தான்.

"இன்னும் இருபது நிமிஷம் இருக்குதுங்களே மாமா. கேட்டு பூட்டியிருக்குமே."

"தெறந்துட்டேன்டா. எடு வண்டிய."

என் முகத்தைப் பார்த்தான். ஓடிப்போய் ஸ்டீயரிங்கில் ஏறி உட்கார்ந்தான். கீழ்நோக்கி நின்ற வண்டிதானே, பிரேக்கை விட்டதும் பஸ் தானாக நகர்ந்தது. அதன் பின்னால் இன்னொரு லாரி, கார். கடைசி வண்டி வளைவைத் தாண்டி மறைந்ததும் சாலை காலியாகக் கிடந்தது. துண்டுகளும் சோற்றுப் பொட்டலங்களும் மட்டும் கிடந்தன.

கவுண்டருடைய லாரி வந்தது. மேட்டில் இவ்வளவு ஜனம் நிற்பதை அவர் பார்த்திருக்க வேண்டும். காலியான சாலையையும் பார்த்திருக்க வேண்டும். அந்த வேகத்தில் புளியமர வளைவில் திரும்ப முடியாது என்று அவருக்குத் தெரியும், பதினைந்து வருஷம் வண்டி ஓட்டியவர். இடது பக்கம் போனால் பள்ளம். வலது பக்கம் மலைச்சுவர், அதில் ஒரு பகுதியில் ஜனங்கள். ஜனங்கள் இல்லாத இடமாகப் பார்த்துச் சுவரில் விட்டார். சத்தம் நின்ற பிறகு காப்பிக்கொட்டை சாலையில் உருண்டு ஓடிக்கொண்டிருந்தது. வெகுநேரம் ஓடியது.

பஸ் கீழே கேட்டில் நின்றது. சாலை வழியாக அதைத் திருப்பிக் கொண்டுவரக் காத்திருக்காமல், பஸ் ஜனங்களே பலகையில் துண்டுகளை விரித்து, கவுண்டரை ஒற்றையடிப் பாதையில் நேராகக் கீழே தூக்கி வந்தார்கள். நான் அவர் தலைப்பக்கம் பிடித்தேன். பாதி இறக்கத்தில் கண்ணைத் திறந்தார். கேட்டுக் கம்பம் அவர் பார்வையில் பட்டது போலிருக்கிறது.

"ஏனுங்க ரைட்டரே, மணி என்னாச்சுங்க?"

பாஸ் போய்விடுமோ என்று அந்த நிலையிலும் பயந்திருக்கிறார்.

"ஒரு மணி ஆயிருச்சுங்க. நேரத்துக்குத்தான் வந்திருக்கறீங்க" என்றேன்.

சரி என்பதுபோல் கண்ணை மூடிக்கொண்டார். சவரிமுத்து ஆஸ்பத்திரிக்குப் பஸ்ஸை ஓட்டினான். அஸ்தம்பட்டி வருவதற்குள் அவர் உயிர் போய்விட்டது.

மறுநாள் அதிகாரி என்னைக் கூப்பிட்டார். முந்தின நாள் சீட்டுகள் அவர் மேஜையில் இருந்தன. கேட்டைத் தாண்டிய நேரத்தை டிரைவர்களிடம் கேட்டு நான் உள்ளபடியே எழுதியிருந்தேன். பஸ், லாரி, கார், எல்லாம் முக்கால் மணிக்குள் தாண்டியிருந்தன. ஒரு நாளில் இத்தனை பேர் உத்தரவை மீறியிருக்கிறார்களே, நேற்று மட்டும் எல்லாருக்கும் பைத்தியமா பிடித்தது என்று இரைந்தார்.

"தெனமும் இப்பிடித்தான் சார் வாராங்க. நேத்துத்தான் நெழல்ல ஒக்கார நேரமில்லே" என்றேன்.

என் வேலை போய்விடும் என்று நினைத்துத்தான் சொன்னேன். அவர் சீட்டுகளைத் திரும்பத் திரும்பப் பார்த்தார். பிறகு ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டார். என் வேலை போகவில்லை. சவரிமுத்துவின் பாஸும் போகவில்லை. அடுத்த மாதம் மலையின் நடுவில் சாலைக்குக் குறுக்கே ஒரு சங்கிலியும் மொட்டைப்பாறையில் ஒரு சங்கிலியும் போட்டார்கள். ஒவ்வொரு சங்கிலியிலும் ஒரு ஆள், ஒரு கடிகாரம். ஒரு மணியை மூன்று துண்டாக்கினார்கள்.

டிரைவர்கள் சும்மா இருப்பார்களா? ஒவ்வொரு சங்கிலிக்கும் முன்னால் ஒரு நிழலைத் தேடிப் பிடித்தார்கள். உங்கள் காலத்திலும் பிடிப்பார்கள். எத்தனை துண்டாக்கினாலும் துண்டுக்குள் ஒளிந்துகொள்ள இடம் இருக்கும். ஆனால் துண்டு சிறிதானால் ஒளியும் இடமும் சிறிதாகிவிடுகிறது. மொத்தத் தூரத்தை மொத்த நேரத்தால் வகுத்து ஒரு வேகத்தை யாராவது உங்கள் கையில் கொடுத்தால், வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், வேண்டாம் என்று சொல்லாதீர்கள். ஆனால் எந்த இடத்திலிருந்து எந்த இடம் வரைக்கும் என்று கேளுங்கள். நடுவில் எங்காவது நின்றார்களா என்று கேளுங்கள். கேட்டால் எரிச்சலாகப் பார்ப்பார்கள், பார்க்கட்டும். அண்ணாந்து பார்த்தால் கழுத்து வலிக்கும், வலிக்கட்டும்.

கொஞ்ச வருஷம் கழித்து என் மகள் பள்ளிக்கூடத்துப் பௌதிகப் புத்தகத்தை உரக்கப் படித்துக்கொண்டிருந்தாள். இடப்பெயர்ச்சியை நேரத்தால் வகுத்தால் சராசரித் திசைவேகம் என்று படித்தாள். புறப்பட்ட இடத்துக்கே ஒருவன் திரும்பி வந்துவிட்டால் அவனுடைய இடப்பெயர்ச்சி பூஜ்யம், சராசரித் திசைவேகமும் பூஜ்யம் என்று படித்துவிட்டுச் சிரித்தாள். அப்படியானால் மாமா தினமும் மலை ஏறி இறங்குவது எல்லாம் பூஜ்யமா அப்பா என்று கேட்டாள். நான் பதில் சொல்வதற்குள் அடுப்படியிலிருந்து செசீலி சொன்னாள்:

"அந்தப் பூஜ்யத்துக்குத்தான்டி நான் தெனமும் வாசல்ல நிக்கறேன்."

மகள் மறுபடி சிரித்தாள். என்னால் உட்கார முடியவில்லை, எழுந்து வெளியே போய்விட்டேன்.

நீங்கள் வேலையில் சேர்ந்ததும் ஒருநாள் புளியமர வளைவுக்கு மேலே ஏறிப் பாருங்கள். மழை விட்ட காலை நேரமாக இருக்கட்டும். கஞ்சமலைக்கு இடப்பக்கம் தள்ளி, வெகு தூரத்தில், நீலமாகத் திருச்செங்கோட்டு மலை தெரியும். அதன் அடிவாரத்தில்தான் கவுண்டருடைய வீடு. அன்று தகவல் சொல்ல அங்கே போனவன் நான்தான். அவர் மனைவி களத்தில் கம்பு காயப்போட்டுக்கொண்டிருந்தார். மலைக் கேட்டிலிருந்து வருகிறேன் என்றதும், எனக்குப் பின்னால் சாலையைப் பார்த்து, "அவிய எங்க வந்துட்டு இருக்கறாங்க?" என்று கேட்டார். அந்தக் கேள்விக்கு எந்தக் கேட்டு ரைட்டரிடமும் பதில் கிடையாது. ஆனால் அன்று எனக்குத் தெரிந்திருந்தது.

புளியமரத்திலிருந்து அந்த மலையைப் பாருங்கள் தம்பிகளா. பார்க்கப் பக்கத்தில்தான் இருக்கிறது.